நெருப்புப்பெட்டியில் ஓடிய புரோகிராம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் கொம்பியூட்டர் வகுப்பில் பன்னிரண்டு பேர் படித்தோம். கொம்பியூட்டர் ஒன்றே ஒன்று. சண்டை நடந்த வருடங்கள் அவை. மின்சாரம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வகுப்பு நடந்த வீட்டின் பின்வளவில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. அதற்கு எண்ணெய் தேடுவது பெரும்பாடு என்பதால் சனிக்கிழமை காலையில் மட்டும்தான் அதை இயக்குவார்கள். சோடிக்குப் பதினைந்து நிமிடம். அது முடிந்தால் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் கொப்பியும் பென்சிலும்தான்.

இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். பரிதாபப்பட ஒன்றுமில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைத்து நினைத்தே ஆறு நாளும் துள்ளிக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை விடியும்போது எனக்கு இடியப்பம்கூட இறங்காது.

எங்களுக்குப் படிப்பித்த சேர் ஒரேயொரு சட்டம் வைத்திருந்தார். நாம் எழுதிய புரோகிராமை நமக்குப் பதிலாக வேறொருவர் வரி வரியாகக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை இல்லையென்றால் அடியில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத கொப்பியோடு வருபவரைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் விட மாட்டார். பிழையைத் தேட எண்ணெய் எரிப்பது பாவம் என்பது அவருடைய கட்சி. எழுதியவரே பார்த்தால் ஏன் போதாது என்று கேட்டதற்கு, "தன்ர பிழை தன்ர கண்ணுக்கு எங்க தெரியிற?" என்று வாயை அடைத்துவிட்டார்.

சட்டம் வந்ததும் எல்லாரும் தெரிந்தவர் தெரிந்தவராகச் சோடி சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவளோடு யாரும் சேரவில்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான். என்னோடும் யாரும் சேரவில்லை. மிஞ்சிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முகத்தைச் சுழித்துக்கொண்டு சோடியானோம்.

முதல்நாள் அவள் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து என் கொப்பியை வாங்கினாள். இரண்டு பெட்டிகளில் இருப்பதை இடம் மாற்றி வைக்கும் இரண்டே வரி எழுதியிருந்தேன். இதில் என்ன பிழை வரப்போகிறது என்ற மிதப்பில் இருந்தேன். அவள் என் அம்மாவிடம் கேட்டு இரண்டு வெறும் நெருப்புப்பெட்டி வாங்கி, ஒன்றில் A என்றும் மற்றதில் B என்றும் எழுதினாள். 'மாங்காய்' என்று எழுதிய துண்டை A-க்குள்ளும், 'தேங்காய்' என்று எழுதிய துண்டை B-க்குள்ளும் வைத்தாள்.

"வாசி" என்றாள்.

"B-ல இருக்கிறத A-ல போடு."

அவள் A பெட்டியைத் திறந்து, மாங்காயை எடுத்துக் கசக்கி முற்றத்தில் எறிந்தாள். 'தேங்காய்' என்று புதுத் துண்டில் எழுதி A-க்குள் வைத்தாள்.

"ஏன்கா அத எறிஞ்ச?"

"ஒரு பெட்டிக்க ஒண்டுதான் இரிக்கும். புதுசு வந்தா பழசு போயிரும். அடுத்த வரி."

"A-ல இருக்கிறத B-ல போடு."

அவள் போட்டாள். இரண்டு பெட்டியிலும் இப்போது தேங்காய். "மாங்காய் எங்க?" என்றேன். அவள் முற்றத்தைக் காட்டினாள். எங்கள் வீட்டுக் கோழி அதைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "நான் என்னத்துக்கு எழுதினெண்டு உனக்கு விளங்குதுதானே? மாத்தி வையன்!" என்று கத்தினேன்.

"எனக்கு விளங்கும்கா. மெசினுக்கு விளங்காது. நான் இப்ப மெசின்."

கொப்பியைப் பிடுங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அங்கே அம்மா ஒரு கோப்பையில் தேத்தண்ணியும் ஒரு கோப்பையில் பாலும் ஊற்றி வைத்திருந்தார். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த இரண்டையும் இடம் மாற்றுவதென்றால் நான் என்ன செய்வேன்? மூன்றாவது கோப்பை எடுப்பேன்! வெறும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன். "இன்னொரு பெட்டி! இன்னொரு பெட்டி வேணும்கா!" அவள் சிரிக்காமல் மூன்றாவது நெருப்புப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். அதை முன்பே மடியில் வைத்திருந்திருக்கிறாள், கள்ளி.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு. பிழை ஒன்று அகப்பட்டால் முதலில் கோபம் வரும், பிறகு புல்லரிக்கும். என் தலைக்குள் எல்லாம் சரியென்று ஓடிய ஒன்று நெருப்புப்பெட்டிக்குள் வந்ததும் தன் குட்டைக் காட்டிவிடும். வேறு எந்தப் படிப்பிலும் எனக்கு அந்தச் சுகம் கிடைத்ததில்லை.

அவள் மெசினாக மாறிவிட்டால் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. நாங்கள் தேத்தண்ணி நீட்டினாலும் "அப்பிடி ஒரு வரி இல்ல" என்பாள். நான் மெசினானால் கதை வேறு. அவள் எழுதியதில் ஒரு குறை தெரிந்தால் என் கை தானாகவே அதைச் சரிப்படுத்திவிடும். "நீ இரக்கப்படுறகா. மெசின் இரக்கப்படாது. திரும்ப முதல்ல இருந்து" என்று கையில் அடிப்பாள்.

ஒருமுறை பாலத்துச் செக்பொயின்ற்றில் என் பையைக் கொட்டிப் பார்த்த ஆமிக்காரன் கொப்பியைப் பிரித்துவிட்டான். GOTO 120 என்ற வரியில் விரலை வைத்து, "யாரு போறது? எங்க போறது?" என்று தெரிந்த தமிழில் கேட்டான். நான் வியர்த்து விறுவிறுத்து, கீழே இருந்த நூற்று இருபதாம் வரியைக் காட்டினேன். அவன் அந்த வரிக்குப் போனான். அதில் GOTO 40 என்று இருந்தது. மேலே போனான், மறுபடி கீழே வந்தான். கடைசியில், "இது முடியாதே" என்று சொல்லிக் கொப்பியைத் தந்துவிட்டான். பாலம் கடந்து வந்து பார்த்தேன். உண்மைதான், அது முடியாது. வெளியே வர வழியே வைக்காமல் எழுதியிருந்தேன்.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை அவள் வந்தபோது முகம் மெசின் முகமாக இல்லை.

"வாப்பா நிப்பாட்டச் சொல்றாங்க" என்றாள்.

அவளுடைய வாப்பா காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்தார். எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் சைக்கிளில் போனால் கொஞ்சத் தூரம்தான். ஆனால் அந்த வருடங்களில் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று பயந்துகொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை இங்கே தனியே வந்து போவதை நினைத்து ஒரு தகப்பன் நித்திரையின்றிக் கிடந்தால் அதில் குறை சொல்ல முடியாது. நான் அன்று குறை சொன்னேன். நிறையவே சொன்னேன்.

"பயம் ஒரு பக்கம்" என்றாள் அவள். "போய் வந்து என்னத்தப் படிச்ச எண்டு கேட்டாங்க. நெருப்புப்பெட்டியக் காட்டினன்."

"மறுகா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு சனி தந்திரிக்காங்க. ரெண்டாவது சனிக்கு அவங்களே வந்து பாப்பாங்களாம். அந்தச் சாமான் ஒரு உருப்படியான வேல செஞ்சு காட்டினா படிக்கலாம். இல்லாட்டி அண்டையோட சரி."

உருப்படியான வேலை! நாங்கள் அதுவரை மாங்காயையும் தேங்காயையும்தான் இடம் மாற்றியிருந்தோம். அவளில்லாமல் யாரோடு நான் புரோகிராம் பார்ப்பது? ஆனால் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது என்பதை மறைக்கக் கூடாது. முதன்முறையாக எங்கள் புரோகிராமை ஒருவர் எதிர்பார்த்து வரப்போகிறார் என்ற எண்ணத்தில் எனக்குக் கை பரபரத்தது.

வேலையை அவளே கண்டுபிடித்தாள். அவர்கள் தெருவில் நிவாரணம் எடுக்கும் வீடுகளின் பட்டியல் வாப்பாவின் பொறுப்பில் இருந்தது. யார் எப்போது வந்து பதிந்தார்களோ அந்த வரிசையில் நாற்பத்து மூன்று பெயர். ஒருவர் வந்து நின்றால் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடுவார். அதை எழுத்து வரிசையில் அடுக்கித் தருவோம் என்றாள். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளை இரண்டிரண்டாகப் பார்த்து, வரிசை தப்பியிருந்தால் இடம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு மாற்றமும் தேவைப்படாத வரைக்கும் திரும்பத் திரும்ப. இடம் மாற்றத்தான் எங்களுக்குத் தெரியுமே!

அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் நெருப்புப்பெட்டி மிஞ்சவில்லை. அம்மா குச்சிகளை ஒரு போத்தலில் போட்டு வைத்து, அடுப்பு மூட்டும்போதெல்லாம் எங்களைத் திட்டினார். விறாந்தை நீளத்துக்குப் பெட்டிகளை அடுக்கினோம். அவள் மெசின், நான் வாசிப்பவள். முதல் ஓட்டத்தில் கடைசிப் பெட்டிக்கு வந்தாள். "இதையும் அடுத்ததையும் பாரு" என்று வாசித்தேன். அவள் இடது கையைக் கடைசிப் பெட்டியில் வைத்து, வலது கையை அதற்கு அடுத்த பெட்டிக்கு நீட்டினாள். அடுத்த பெட்டி இல்லை. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஐயோ, ஒண்டு குறைக்கோணும்!" என்று நான் விறாந்தையில் குதித்த குதியில் பெட்டிகள் சிதறிவிட்டன. மறுபடி அடுக்கினோம். மொத்தம் பதினொரு முறை ஓட்டிப் பார்த்து, அவள் அடியில் கையெழுத்து வைத்தாள்.

இனிப் பெயர்கள். எங்கள் புரோகிராம் முதலில் ஓர் எண்ணைப் படிக்கும். எத்தனை பேர் என்பதற்கு அது. பிறகு அத்தனை பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படிக்கும். அவள் வாப்பாவின் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில் சொல்லச் சொல்ல, கையெழுத்து அழகென்று நான் எழுதினேன். எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போடாமல் கடைச் சாமான் துண்டுகூட எழுத மாட்டோம். அவள் கொப்பிகளில் அந்த இடத்தில் பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786 இருக்கும். பட்டியல் அவளுடைய வாப்பாவுடையது. அதில் என் சுழியைப் போடுவது மரியாதையில்லை. வெறுமையாகத் தொடங்கவும் எனக்குக் கை வராது. ஆகவே மேலே 786 என்று குண்டு குண்டாக எழுதினேன். அதன் கீழே 43. அதன் கீழே பெயர்கள். என் நல்ல குணத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் சனிக்கிழமையின் பதினைந்து நிமிடமும் தட்டச்சுக்கே போனது. அவள் தட்டினாள். கடதாசியில் என்ன இருக்கிறதோ அதை வரி பிசகாமல் தட்டுவாள். யோசிப்பது மெசினின் வேலையில்லை என்பது அவளுடைய கொள்கை. கடைசிப் பெயரைத் தட்டி டிஸ்க்கில் சேமிக்கவும் நேரம் முடியவும் சரியாக இருந்தது. ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை அவளுடைய வாப்பா குடையோடு வந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேர்ட், தொப்பி. சேர் கதிரை போட்டுக் கொடுத்தார். நான் அவரை எப்படி அழைப்பதென்று தெரியாமல், அவள் அழைப்பது போலவே "வாங்க வாப்பா" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டினார். எங்கள் முறை கடைசி. பின்வளவிலிருந்து சேர், "எண்ணெய் அடியில கிடக்கு, கெதியாச் செய்ங்க" என்று குரல் கொடுத்தார்.

அவள் டிஸ்க்கைப் போட்டாள். RUN என்று தட்டினாள். என் நெஞ்சு ஜெனரேற்றரைவிடச் சத்தமாக அடித்தது.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. Out of DATA in 40.

"என்ன சொல்லுது?" என்றார் வாப்பா.

நான்தான் சொன்னேன். "பேர் காணாதாம் வாப்பா. இன்னும் வேணுமாம்."

"காணாதாமா?" அவர் கதிரையில் நிமிர்ந்தார். "ஒரு வீடு விடாம நடந்து எழுதின லிஸ்ட் புள்ள அது. இன்னும் ஆர் வேணுமாம் அதுக்கு?"

அவள் மறுபடி RUN தட்டினாள். மறுபடி அதே வரி. கொப்பியைப் பிரித்து நாற்பதாம் வரியைப் பார்த்தோம். பெயர்களைப் படிக்கும் வரி அது. அதில் ஒரு பிழையும் இல்லை. "நீ ஏதோ விட்டுப்போட்டுத் தட்டியிருக்ககா." "நீ எழுதினதத்தான்கா தட்டினன்." "கையெழுத்து வச்சது ஆரு?" "எழுதினது ஆரு?" தகப்பன் பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்து காதுக்குள் சண்டை பிடித்தோம். பின்வளவில் ஜெனரேற்றர் ஒருமுறை இருமியது.

வாப்பாவுக்குத் தன் பட்டியலின் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மேசையில் கிடந்த பெயர்ப் பக்கத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, அடியிலிருந்து மேலே விரல் வைத்து எண்ணிக்கொண்டு போனார். "நாப்பத்தி மூணும் இரிக்கி" என்றார். அவருடைய விரல் பக்கத்தின் உச்சிக்குப் போய் நின்றது.

"இது ஆர்ட எழுத்து?"

"என்ட, வாப்பா."

"மேல இரிக்கிறதும் நீதான் எழுதினயா?"

"ஓம். உங்கட லிஸ்ட்தானே... சும்மா தொடங்க மனம் வரல்ல."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தொடக் கூடாத ஒன்றைத் தொட்டுவிட்டேனோ என்று எனக்குப் பட்டது. நல்லதென்று நினைத்துச் செய்தது இப்படி வந்து முடிகிறதே, இவளுடைய படிப்புக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவளும் அவர் விரல் நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அல்லாஹ்! அது எழுநூத்தி எண்பத்தாறு பேரத் தேடுதுகா!"

ஒரு கணம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. அது முதலில் எத்தனை பேர் என்று படிக்கும். முதல் வரியில் 786. சரி என்று எடுத்துக்கொண்டது. அடுத்து 43, அதை ஓர் ஆளின் பெயரென்று முதல் பெட்டியில் வைத்துக்கொண்டது. பிறகு நாற்பத்து மூன்று வீட்டையும் படித்து முடித்து, மிச்சப் பேர் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது!

"உனக்கு ஏன்கா தெரியல்ல?" என்றேன். "நீ தட்டினதானே."

"என்ட கண் அதில நிக்கல்ல. பொறந்த நாள்ல இருந்து எல்லாக் கடதாசிலயும் மேல அது இரிக்கும். கை தன்ட பாட்டில தட்டிட்டு!"

வாப்பா முதலில் தன் மகளைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு திரையை. அதன் பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, தொப்பி நழுவச் சிரித்தார். "எழுநூத்தி எண்பத்தாறு வீட்டுக்கு நான் எங்க போவன்? எங்கட தெரு அவ்வளவு நீளமில்ல எண்டு சொல்லு புள்ள அதுக்கு!"

அந்த ஒரு வரியை அழிக்க மூன்று எழுத்துத் தட்டினால் போதும். அவளுடைய விரல் விசைப்பலகைக்குப் போனது. என் விரலும் சேர்ந்து அந்த இடத்தைத் தேடியது. அழித்தோம். ஜெனரேற்றர் இரண்டாம் முறை இருமியது. "RUN, RUN" என்று நான் கத்த, அவள் தட்டினாள்.

திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா? சட்டென்று பெயர்கள் வந்தன. கீழிருந்து மேலே குபுகுபுவென்று ஓடின. A, A, A, F, H என்று வரிசையாக, ஒன்றுகூட இடம் தப்பாமல், ஒருவரையும் விடாமல்! அவர் கதிரையோடு முன்னால் நகர்ந்து திரைக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். கடைசிப் பெயர் வந்து நின்றதுதான் தாமதம், பின்வளவில் சத்தம் அடங்கியது. திரை கறுத்துவிட்டது.

வாப்பாவின் விரல் இன்னும் திரையில் இருந்தது.

"என்ட பேர் காணல்லயே" என்றார்.

"A-தானே வாப்பா. மேல போயிட்டு" என்றாள் அவள், கேட்டும் கேட்காத குரலில்.

அவர் விரலை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கதிரையில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி. அடுத்த சனி கொஞ்சம் வெள்ளெனக் கூட்டிட்டு வாறன்" என்றார். "மேலயும் பாக்கணும்."

மேசைக்குக் கீழே அவள் என் காலை மிதித்த மிதியில் எனக்கு உயிர் போய் வந்தது. நான் கத்தவில்லை. திருப்பி ஒரு மிதி மிதித்தேன்.